மலையேறிடுச்சுங்க

பொன்னுவேல் எழுதிய புரோகிராம் வாயாடியாக இருந்தது. மேனேஜர் செங்கோடனுக்கு அதுதான் ஆகவில்லை.

எஸ்டேட் கம்பெனியின் ஆபீஸ் ஏற்காட்டில், ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் இருந்தது. கணக்கெல்லாம் சேர்த்து வைக்கும் பெரிய கம்ப்யூட்டர் அங்கேதான். எல்லோரும் அதை மேல்பெட்டி என்பார்கள். மலை இறங்கினால் அடிவாரத்தில், சேலம் ரோட்டோரம் கம்பெனியின் குடோன். அங்கே இருந்தது கீழ்ப்பெட்டி. எஸ்டேட்டுகளிலிருந்து லாரியில் வரும் காப்பிக்கொட்டையையும் மிளகையும் குடோனில் எடை போட்டு, எடையைக் கீழ்ப்பெட்டியில் அடித்து வைப்பார்கள். சாயங்காலம் கீழ்ப்பெட்டி டெலிபோன் லைனைப் பிடித்து, அன்றைய எடையை மலைமேல் அனுப்பிச் சேர்த்து வைக்கும். அந்த அனுப்புகிற புரோகிராம்தான் பொன்னுவேல் எழுதியது. மாரமங்கலத்துப் பையன், சேலத்தில் டிப்ளமா படித்தவன், கம்பெனியில் சேர்ந்து மூன்றாவது வருஷம்.

மலை டெலிபோன் எப்படிப்பட்டதென்று சொல்ல வேண்டியதில்லை. லைன் கிடைக்காது. கிடைத்தால் பாதியில் அறும். அறாமல் போய்ச் சேர்ந்தால் மேல்பெட்டி எடுக்காது. எடுத்தால் பாஸ்வேர்ட் தப்பு என்னும், இல்லாவிட்டால் ஃபைலை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்னும், இல்லாவிட்டால் வைக்க இடமில்லை என்னும். பொன்னுவேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி செய்து, ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் ஒரு சேதி எழுதி வைத்திருந்தான். எந்தக் கோளாறு வந்தாலும் அன்றைய எடையைத் தூக்கிப் பத்திரமாக ஒதுக்கி வைத்து, மறுநாள் எடையோடு சேர்த்து அனுப்பும்படியும் செய்திருந்தான்.

குடோனில் கம்ப்யூட்டர் அடித்தவள் காவேரி. சாயங்காலம் ஆனால் ஏற்காட்டுக்குப் போன் வரும்.

"ஏனுங்ணா, செவப்பா ஒண்ணு வருதுங்ணா. எஃப், ஐ, எல், இ. அப்பறம் எல், ஓ, சி, கே."

"ஃபைல் லாக் ஆகியிருக்கு புள்ள."

"அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"கெட்டதுதான். சித்த நேரங்கழிச்சு அனுப்பு."

"நேத்து வந்தது கெட்டதுங்களா?"

"அதுவுங் கெட்டதுதான்."

"அப்பறம் எதுக்குங்ணா கெட்டதுக்கு இத்தன பேரு?"

காவேரி பட்டப்படிப்பு படித்தவள் இல்லை. பன்னிரண்டாவது முடித்து டைப்பிங் கற்றவள். அவள் அம்மா அம்மணி, வெள்ளக்கடைப் பக்கம் கம்பெனி எஸ்டேட்டில் கல்யாணமான நாளிலிருந்து காப்பி பறித்தவள். கூடை சுமந்தே இடுப்பு போய், வேலையை விட்டு நிறுத்தினார்கள். அப்பன் இல்லை. அவர்கள் குடியிருந்த எஸ்டேட் லைன் வீடு, வேலை பார்க்கிற ஆளுக்குத்தான். வேலை போனால் வீடும் போகும். அம்மணி மேனேஜர் காலடியில் உட்கார்ந்து கேட்டு, மகளை ஒரு வருஷம் சோதனையாக எடுத்துக்கொள்ள வைத்தாள். பங்குனி முடிந்து பெர்மனென்ட் ஆனால் வீடு தங்கும். ஆகாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். இறங்கிப் போக அந்த இருவருக்கும் வேறு இடம் இல்லை. அம்மணியைப் பெற்றவர்களும் அதே லைனில்தான் செத்தார்கள்.

கார்த்திகை மாதம் முதலாளி வந்தார். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் அவருக்கு வேலைக்காரர்களோடு பேசுகிற அளவுக்கு வரும். குடோனுக்குப் போனவர், திரையில் சிவப்புச் சேதிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். "இது என்ன, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அந்த ஒரு வார்த்தை செங்கோடனுக்குப் போதும்.

"இங்க வா பொன்னுவேலு," என்று கூப்பிட்டார். "உங்க ஊர்ல சாமை வெதைக்கறதுக்கு எத்தன வழி?"

"ஒரு வழிதானுங்க சார்."

"அப்பறம் இங்க வந்து எதுக்கு இருவது வழி வச்சிருக்கே? போச்சா, போகலையா, அத மட்டுஞ் சொல்ற மாதிரி பண்ணு. கோளாறுக்கு ஒரு வாயின்னு வச்சா எவன் நின்னு கேக்கறது? சுருக்கு."

திட்டு வாங்கிய கையோடு உட்கார்ந்தவனுக்கு, வேலையைத் தொட்டதும் அது பிடித்துப் போனது. உண்மையில் அவனுக்கே அந்தப் புரோகிராமைப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. முதல் வருஷம் பயந்து பயந்து எழுதியது. ஒரு கோளாறு வரும்போதெல்லாம் ஒரு ஒட்டுப் போட்டு, ஒட்டின் மேல் ஒட்டாக நின்றது. அத்தனையையும் பிரித்துப் போட்டான். எந்தக் கோளாறானாலும் சரி, ஒரே வழி: லைனை வை, கொஞ்சம் பொறு, மறுபடி கூப்பிடு. மூன்று தடவை பார்த்தும் ஆகவில்லையா, ஒரே ஒரு சேதி சொல்லிவிட்டு வெளியே வா. ஜெயித்து வந்தாலும் தோற்று வந்தாலும் வெளியே வருகிற வாசல் ஒன்று. வாசலில் பெருக்கித் துடைத்துவிட்டு வர வேண்டியது. பக்கம் பக்கமாக இருந்தது அரைப் பக்கமாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தான். அவ்வளவு அழகாக அவன் எதையும் செய்ததில்லை.

புதுசைப் போட்டுவிட்டு வரக் குடோனுக்குப் போனான். சேதிக்கு ஒரு வார்த்தை மட்டும் பாக்கி.

"ஏம் புள்ள, லைன் போச்சுன்னு தமிழ்ல ஒரே வார்த்தையில போடறேன். என்ன போடட்டும்? அணைஞ்சுபோச்சுன்னு போடட்டுமா?"

காவேரி முகத்தைச் சுளித்தாள். "ஐயோ, அந்த வார்த்தை வேண்டாங்ணா. எங்கூட்ல விளக்கக்கூட அப்படிச் சொன்னா அம்மா வாய் மேலயே போடும். தெனமும் வெளக்கு வெச்சதும் நான் இத அனுப்போணும். அந்த நேரத்துல அதப் பாத்துக்கிட்டு ஒக்காரோணுமாக்கும்."

"பொறவு எப்படிச் சொல்லுவீங்க?"

"மலையேறிடுச்சும்போம்."

பொன்னுவேல் சிரித்துவிட்டான். மாரமங்கலத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். விளக்கு நின்றாலும் மலையேறிடுச்சு, ஆடுகிறவன் மேலிருந்து சாமி இறங்கினாலும் மலையேறிடுச்சு. மலைமேலேயே குடியிருக்கிறவர்கள் இன்னும் எந்த மலைக்கு ஏற்றி அனுப்புகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. இங்கிலீஷ் எழுத்தில் அந்தத் தமிழையே அடித்தான். சரியாகப் போனால் புரோகிராம் ஒன்றும் சொல்லாது, சும்மா இருக்கும். போகாவிட்டால் மலையேறிடுச்சு.

"பாரு, இனிமே இங்கிலீஷுக்கு அர்த்தங் கேக்க வேண்டாம்."

"என்ற வார்த்தைய கம்ப்யூட்டர்ல போட்டுட்டீங்க," என்றாள் காவேரி. திரையை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தாள். அன்று சாயங்காலம் அம்மாவிடமும் போய்ச் சொன்னாளாம்.

தை பிறந்து மிளகு இறங்க ஆரம்பித்தது. செங்கோடன் இன்னொரு சிக்கனமும் செய்தார். கம்ப்யூட்டர் இருக்கும்போது பேப்பரில் வேறு எடை எழுதுவது தண்டம் என்று அதை நிறுத்தினார். லாரி டிரைவருக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டோடு சரி, அதை யாரும் எடுத்து வைப்பதில்லை. தினமும் அனுப்பி முடித்ததும் காவேரி தனக்கே போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். சரியாகப் போன நாளில் அவள், "அனுப்பிட்டேனுங்க சார்," என்பாள். அவர், "சரி," என்று வைத்துவிடுவார்.

மாசி மாதம் ஒரு நாள், டீ குடிக்கும் நேரத்தில் செங்கோடன் பொன்னுவேலிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தக் குடோன் புள்ள தேறிட்டா. முன்னெல்லாம் அனுப்பிட்டேன், அனுப்பிட்டேன்னு சொல்லீட்டிருந்தா. இப்பக் கொஞ்ச நாளா மலையேறிடுச்சுங்கன்னு சொல்றா. ஏறி முடிக்கற வரைக்கும் நின்னு பாக்கறா போல."

டம்ளர் பொன்னுவேலின் வாயருகே நின்றது. கொஞ்ச நாளா என்றால் எத்தனை நாள்? ஆனால் மேனேஜர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. போகவில்லை என்றால்தான் என்ன, எடை ஒதுக்கி வைத்திருக்கும், லைன் வந்ததும் சேர்ந்து போகும். இப்படி நினைத்துக்கொண்டு அவனும் சிரித்தான். மேல்பெட்டி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அவன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மாசக் கடைசியில் கணக்கு எடுக்க மேல்பெட்டியைத் திறந்தார்கள். மாசி மாத எடையில் பாதிக்கு மேல் காணோம்.

பொன்னுவேலுக்கு விஷயம் புரிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டெலிபோன் லைனில் ஒரு குற்றமும் இல்லை. மேல்பெட்டி நிறைந்து போயிருந்தது. பழைய வருஷங்களின் கணக்கை எடுத்துக் களைய வேண்டியது அவன் வேலை, களையவில்லை. இடமில்லை, இடமில்லை என்று மேல்பெட்டி தினமும் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்கிற காதைத்தான் அவன் கார்த்திகையில் அடைத்துவிட்டானே. சரி, ஒதுக்கி வைத்த எடையை எடுக்கலாம் என்று அடிவாரத்துக்கு பஸ் பிடித்து ஓடினான். கீழ்ப்பெட்டியில் ஒன்றுமே இல்லை. ஒதுக்கி வைக்கிற வேலையையும் ஒட்டோடு ஒட்டாகப் பிய்த்து எறிந்திருந்தான். ஒரே வாசல், வாசலில் பெருக்கித் துடைப்பு. ஜெயித்து வந்தாலும் துடைத்தது, தோற்று வந்தாலும் துடைத்தது. காவேரி மலையேறிடுச்சு என்று போன் பண்ணிய ஒவ்வொரு சாயங்காலமும் அன்றைய எடையை அவன் எழுதிய அரைப் பக்கம் அழித்திருந்தது.

"என்னாச்சுங்ணா?" என்றாள் காவேரி. "மேனேஜர் கிட்ட தெனமும் சொல்லீட்டுத்தானுங்ணா இருந்தேன். அவரு சரி, சரின்னாரு. லைன் ரிப்பேரு பாக்க ஆளு வருவாங்கன்னு நெனச்சேன்."

"பாத்துக்கலாம் புள்ள," என்றான்.

ஈர மிளகு காய்ந்தால் எடை குறையும். எந்த நாள் எவ்வளவு வந்தது என்று தெரிந்தால், காய்ந்தது இவ்வளவு என்று கணக்கு நிற்கும். தெரியாவிட்டால் குறைந்தது எல்லாம் திருட்டு. எஸ்டேட்டுகள் ஏற்றியதாகச் சொன்ன எடைக்கும் குடோனில் இருந்த எடைக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தது. முதலாளி வருகிறார் என்று தகவல் வந்தது.

வருகிற அன்று காலையில் செங்கோடன் பொன்னுவேலைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்தார்.

"எல்லாம் பாத்தியா?"

பொன்னுவேல் சொன்னான். மேல்பெட்டி நிறைந்தது, தான் களையாதது, ஒதுக்கி வைக்காமல் அழித்தது, அந்த வார்த்தை. மறைக்காமல் சொன்னான். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தான்.

செங்கோடன் பொறுமையாகக் கேட்டார். "எங்கூட்ல மட்டும் வெளக்க என்னன்னு சொல்றாங்கன்னு நெனச்சே? எனக்குத் தெரியாதா அந்த வார்த்தை? போன்ல அவ சொல்றப்ப, ஆயிரம் வேலையில, ஏறிடுச்சுன்னுதான் காதுல விழுந்துச்சு. இத நான் மொதலாளிகிட்டச் சொல்லட்டுமா?"

பொன்னுவேல் கீழே தெரிந்த ரோட்டைப் பார்த்தான்.

"உன்ற தப்பு நாலு சொன்னே. என்ற தப்பு ஒண்ணு. பேப்பர நிறுத்துனதையுஞ் சேத்தா ரெண்டு. இத்தனையும் அந்த ஆளுகிட்ட ஒப்பிச்சா, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும்பாரு. நீதான் சுருக்கறதுல கெட்டிக்காரனாச்சே. எல்லாக் கோளாறுக்கும் ஒரே வழி பண்ணுனவன். இதையுஞ் சுருக்கு."

"அந்தப் புள்ளைக்கு ஊடு போயிருமுங்க சார்."

"உனக்கு வேலை போச்சுன்னா மாரமங்கலத்துல நெலம் இருக்கா, போயி சாமை வெதை. எனக்கு மூணு புள்ளைங்க, கான்வென்ட்ல." ஜீப்பைக் கிளப்பினார். "புரோகிராம்ல ரெண்டு வரிய எடம் மாத்தோணும், அவ்வளவுதானே? அவ அரிசி வாங்க ரேஷன் கடைக்குப் போயிருக்கா, மத்தியானந்தான் வருவா."

இரண்டு வரிதான். மாற்ற எடுத்த நேரத்தில் ஒரு பீடிகூடப் புகைக்க முடியாது.

விசாரணை குடோனிலேயே நடந்தது. முதலாளி எடைத்தட்டின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காவேரி சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"தினமும் ஏறிடுச்சுன்னு சொல்லியிருக்கே. ஏறலையே. ஏன் பொய் சொன்னே?"

"பொய் சொல்லலீங்க ஐயா. மலையேறிடுச்சுன்னா போச்சுன்னு அர்த்தமுங்க. வெளக்கு மலையேறுனா அப்படித்தானுங்க சொல்லுவோம்."

"விளக்கா?" முதலாளி செங்கோடனைப் பார்த்தார்.

"நம்ம குடோன்ல எல்லாமே டியூப்லைட்டுங்க சார்," என்றார் செங்கோடன். வாசலில் நின்ற லோடுமேன்கள் சிரித்தார்கள். முதலாளிக்கும் உதட்டோரம் அசைந்தது.

காவேரி சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை. பொன்னுவேலைப் பார்த்தாள். அவன் அங்கே இருப்பதே அவளுக்குத் தைரியமாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. "இந்த அண்ணாவையே கேளுங்க ஐயா. நான் சொன்ன வார்த்தையத்தான் போட்டாரு. அவருக்குத் தெரியும்."

"சொல்லுப்பா. அந்த மெசேஜ் எப்ப வரும்?"

பொன்னுவேல் எடைத்தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கணக்கு மேல போய்ச் சேந்தா வருமுங்க சார். சேரலைன்னா ஒண்ணும் வராது. சும்மா இருக்கும்."

"காட்டு."

காட்டினான். மேல்பெட்டியில் இப்போது இடம் இருந்தது. லைன் ஒரே தடவையில் கிடைத்தது. திரையில் வந்தது: மலையேறிடுச்சு.

காவேரி கிட்டே வந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். முன்பு விரலால் தொட்ட அதே இடம். "நேத்து வரைக்கும் இப்படி இல்லீங்க," என்று மெதுவாகச் சொன்னாள். சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற பொன்னுவேலுக்குத் தவிர.

"போலீஸெல்லாம் வேண்டாம்," என்றார் முதலாளி எழுந்துகொண்டே. "பொம்பளைப் புள்ளை. அனுப்பிடுங்க." தான் இரக்கம் காட்டிவிட்டதாக அவர் நம்பினார்.

பங்குனி முடியும் முன்பே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாவி வாங்க வழக்கமாகக் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர்தான் போவார். செங்கோடன் பொன்னுவேலை அனுப்பினார். "நீ போ. நல்லாப் பழகுன புள்ளைதானே, சண்டை கட்டாம குடுத்துரும்."

அவன் போனபோது வாடகை டெம்போவில் சாமான் ஏற்றியாகிவிட்டது. ஒரு கட்டில், பாத்திர மூட்டை, ஒரு அம்மிக்கல். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். திருட்டுப் பட்டம் வாங்கின வீட்டோடு பேசி யார் வம்பை விலைக்கு வாங்குவது? அம்மணி டெம்போவின் பின்பலகையில், இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு விவரம் முழுதாகத் தெரியாது. மகள் சொல்லவில்லை.

"வா சாமி," என்றாள். "நீதான் இவ வார்த்தைய மிஷின்ல போட்ட தம்பியா? நொம்பப் பெருமையாச் சொல்லுவா. ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்கக்கூட அடுப்பு இல்லாமப் போச்சு பாரு."

"பரவால்லீங்க," என்றான்.

காவேரி உள்ளே இருந்தாள். காலி வீட்டில் சுவரோரம் ஒரு அகல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சாமி படங்களை எடுத்துவிட்டிருந்தார்கள், படம் இருந்த இடம் கரிபடாமல் வெள்ளையாகத் தெரிந்தது. அவனைப் பார்த்ததும் அவள் குனிந்து, ஒரு செம்பருத்திப் பூவால் திரியை ஒற்றினாள். சுடர் நின்றது. புகை ஒரு நூலாக எழுந்தது.

வெளியிலிருந்து அம்மணி கேட்டாள். "வெளக்கு என்னாச்சு கண்ணு?"

காவேரி நிமிர்ந்தாள். சாவியை அவன் கையில் வைத்தாள்.

"அம்மா கேக்குதுங்க சார்," என்றாள். இதுவரை அவள் அவனை சார் என்று கூப்பிட்டதில்லை. "சொல்லுங்க. எங்களுக்குத்தான் வார்த்தைக்கு அர்த்தந் தெரியலையே. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

"காவேரி."

"மேல போய்ச் சேந்துச்சுங்களா, இல்லீங்களா? அம்மா காத்துட்டிருக்கு."

அவனுக்கு ஒரே வார்த்தைதான் வாய்க்குள் இருந்தது. பிறந்ததிலிருந்து அவன் வீட்டிலும் சொன்ன வார்த்தை. அதை எடுத்தால், குடோனில் அவன் சொன்னது என்ன என்று கேட்க எதிரே ஆள் நின்றிருந்தது. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று திரையைப் பார்த்த மாதிரி.

"என்னடி கண்ணு, காதுல விழலையா? வெளக்கு என்னாச்சு?"

"அணைஞ்சுபோச்சுங்க," என்றான் பொன்னுவேல்.

வெளியிலிருந்து அம்மணியின் குரல் வந்தது, கோபம் இல்லாமல், பயந்து போய்: "அப்படிச் சொல்லக் கூடாது சாமி. போற நேரத்துல. அப்படி எங்கூட்ல யாருமே சொன்னதில்லையே."

காவேரி அகலை எடுத்து எண்ணெயைக் கீழே கவிழ்த்தாள். முந்தானையில் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அவனைத் தாண்டிப் போனாள்.

டெம்போ இறக்கத்தில் திரும்புகிற வரைக்கும் அம்மணி அவனைப் பார்த்துக்கொண்டே போனாள், என்ன தப்பு செய்தோம் என்று கேட்கிற முகத்தோடு. அவன் கதவைச் சாத்தினான். பூட்டு பழசு, ஒரே தடவையில் விழவில்லை. மூன்றாவது தடவை விழுந்தது.